பேப்பர் போட்டது யார்? ஐ.டி. துறையில் கட்டாய ராஜினாமாவும் நிறுவனச் சூழலும்

1. ஒரு வழக்குச் சொல்

ஓ.எம்.ஆர். எனப்படும் சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்ப்பவர்களின் பேச்சில் ‘ராஜினாமா’ அதிகம் வராது. ‘பேப்பர் போட்டுட்டேன்’ என்பதுதான் வழக்கு. தாளே புழங்காத துறை இது. வேலையை விடுகிறவர் நிறுவனத்தின் உள் தளத்தில் நாலு இடத்தில் அமுக்கினால் முடிந்தது. ஆனாலும் கைப்பட எழுதி மேசையில் வைத்த காலத்துச் சொல் கூடவே வந்துவிட்டது. வேறு கம்பெனியில் நல்ல ‘ஹைக்’ கிடைத்துப் போகிறவர் வாயில் அது கொண்டாட்டமாக ஒலிக்கும். அதற்கு இன்னொரு வடிவமும் உண்டு: ‘பேப்பர் போடச் சொல்லிட்டாங்க.’ இந்த வாக்கியத்தில் போடுகிறவர் ஒருவர், சொல்கிறவர் வேறொருவர். கோப்பில் பதிவாவது போட்டவர் பெயர் மட்டுமே.

இந்த இரண்டாம் வாக்கியம்தான் இக்கட்டுரையின் பொருள். நோயுற்ற அலுவலகச் சூழல், ஆட்குறைப்பு என்ற இரண்டையும் நாம் தனித்தனிக் கதைகளாகப் பேசிப் பழகியிருக்கிறோம். முதலாவதை மேலாளரின் குணக்கேடாகவும் இரண்டாவதைச் சந்தையின் ஏற்ற இறக்கமாகவும் விளக்குவது எளிது. மேலாளரைப் பற்றிப் புலம்பலாம், சந்தையைப் பற்றிப் பெருமூச்சு விடலாம். இரண்டுக்கும் இடையே நிர்வாகத் தொடர்பு ஏதேனும் உண்டா? உண்டு என்பதே இங்கு வைக்கப்படும் வாதம். ஆட்குறைப்பைச் சட்டத்தின் பெயரேட்டில் ஏறாத ஒன்றாக மாற்ற ஒரு குறிப்பிட்ட வகைச் சூழல் தேவைப்படுகிறது. அச்சூழலின் பயன்களில் முக்கியமானது அதுதான்.

2. ஏற்கெனவே சொல்லப்பட்டவை

நிறுவனச் சூழல் குறித்து அண்மையில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வு, டொனால்ட் சல், சார்லஸ் சல், பென் ஸ்வைக் ஆகியோர் 2022 ஜனவரியில் எம்.ஐ.டி. ஸ்லோன் மேலாண்மை இதழில் வெளியிட்டது. 3 கோடியே 40 லட்சம் இணையவழிச் சுயவிவரங்களிலிருந்து, 2021 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வேலையை விட்டவர்களைக் கண்டறிந்து செய்த ஆய்வு அது. ஊழியர்கள் வெளியேறுவதை முன்கூட்டிக் காட்டுவதில் சம்பளத்தைவிட நச்சுச் சூழல் 10.4 மடங்கு வலுவான காரணி என்பது அதன் முடிவு. உலகெங்கும் மனிதவளத் துறையினர் இந்த எண்ணைத் தங்கள் பவர்பாயிண்டுகளில் ஒட்டிக்கொண்டார்கள்.

எனக்கு இந்த முடிவில் சந்தேகமில்லை; அதன் வினைச்சொல்லில் உண்டு. ‘வெளியேறினார்’ என்று ஒரு சுயவிவரம் காட்டுகிறது. எந்தக் கதவு வழியாக, யார் திறந்துவிட்டு என்பதை அது காட்டாது. நச்சுச் சூழல் தாங்காமல் தானே போனவரும், போகும்படி சூழல் நச்சாக்கப்பட்டவரும் அங்கே ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

ஸ்டான்ஃபோர்டின் ஜெஃப்ரி பெஃபர் 2018இல் எழுதிய நூல் இதற்கு நேர்மாறான கோணத்திலிருந்து தொடங்குகிறது. வேலைச் சூழல் மனிதரின் ஆயுளைக் குறைக்கிறது, நிறுவனங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று ஆட்களைக் குறைக்கின்றன என்பவை அவர் தொடர்ந்து சொல்லிவருபவை. இரண்டும் முக்கியமானவை. ஆனால் பெஃபர் பேசும் அமெரிக்காவில், பெரும்பாலான வேலைகளில் காரணம் சொல்லாமலே ஒருவரை அனுப்ப முதலாளிக்கு உரிமை உண்டு. பேப்பர் போடச் சொல்லவேண்டிய நெருக்கடி அங்கே குறைவு.

இந்திய ஐ.டி. ஊழியர் குறித்த எழுத்தும் கணிசமாகவே இருக்கிறது. கிறிஸ் ஃபுல்லரும் ஹரிப்பிரியா நரசிம்மனும் 2007இல் சென்னையின் ஐ.டி. வல்லுநர்களைப் புதுப்பணக்கார நடுத்தர வர்க்கமாக ஆராய்ந்தார்கள். அதே ஆண்டில் வந்த சியாங் பியாவோவின் நூல் ஐ.டி. ஆட்களை ஏற்றுமதி செய்யும் ‘பாடி ஷாப்பிங்’ வலைப்பின்னலையும், வேலையில்லாத நாட்களில் அவர்களைப் பெஞ்சில் வைக்கும் முறையையும் விரிவாகக் காட்டியது. இவற்றில் நாம் காண்பது வளர்ச்சிக் காலத்து மனிதர்களை. அந்தக் காலத்தில் இருபத்தைந்து வயதில் நுழைந்தவர் இன்று நாற்பத்தைந்தில் இருக்கிறார். வீட்டுக் கடனும் அவரோடு வளர்ந்திருக்கிறது. அவர் எப்படி வெளியே போகிறார் என்பதற்கு, நுழைந்த கதைக்கு இருக்கும் அளவு ஆய்வு வெளிச்சம் இல்லை.

3. சட்டம் எதை எண்ணுகிறது

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்க்கவேண்டும். பத்திரிகைகள் ‘லே-ஆஃப்’ என்று எழுதுவது இந்தியச் சட்டத்தில் லே-ஆஃப் அல்ல. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின்படி, நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் போன்றவற்றின் தட்டுப்பாட்டால் தற்காலிகமாக வேலை தர முடியாமல் போவதுதான் லே-ஆஃப். தொழிலாளியின் பெயர் பேரேட்டில் இருக்கும். அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் பாதி கிடைக்கும். நூற்பாலையில் வேலை பார்த்த தாத்தாவுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்கும். பேரன் அமெரிக்கப் பொருளில் அச்சொல்லைப் பயன்படுத்துகிறான். அவனுக்கு நடப்பதற்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் ஆட்குறைப்பு.

ஆட்குறைப்பின் வரையறை மிக விரிவானது. ஒழுங்கு நடவடிக்கையாகத் தரப்படும் தண்டனை தவிர, எந்தக் காரணத்துக்காகவும் முதலாளி ஒரு தொழிலாளியின் பணியை முடிப்பது அதில் அடங்கும். ‘எந்தக் காரணத்துக்காகவும்’ என்ற தொடரை 1976இல் சுந்தரமணி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதன் முழு அகலத்துக்கும் விரித்துப் படித்தது. 1990இல் அரசியல் சாசன அமர்வும் அதை உறுதிசெய்தது. ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியவரை ஆட்குறைப்புச் செய்ய 25எஃப் பிரிவு மூன்று நிபந்தனைகளை விதித்தது: காரணம் குறிப்பிட்டு ஒரு மாத எழுத்து அறிவிப்பு அல்லது அதற்கான ஊதியம், பணியாற்றிய ஒவ்வோராண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு, அரசுக்குத் தகவல்.

பத்தாண்டு பணியாற்றியவருக்கு 150 நாள் ஊதியம் என்று கணக்கு வருகிறது. ஐந்து மாதச் சம்பளம். பெரிய ஐ.டி. நிறுவனத்துக்கு இது தாங்க முடியாத செலவா? இல்லை என்றே நினைக்கிறேன். ஆலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கு மட்டுமே பொருந்திய அரசின் முன் அனுமதி நிபந்தனையும் ஐ.டி.க்குக் கிடையாது. அப்படியிருக்க, சட்டப்படி ஆட்குறைப்புச் செய்வதை நிறுவனங்கள் ஏன் தவிர்க்கவேண்டும்?

விடை அடுத்த இரண்டு பிரிவுகளில் இருக்கிறது என்பது என் கணிப்பு. 25ஜி பிரிவு, ஒரே வகைப் பணியாளர்களில் கடைசியாக வந்தவர் முதலில் போகவேண்டும் என்றது; மீறினால் காரணத்தைப் பதிவு செய்யவேண்டும். 25ஹெச் பிரிவு, மறுபடி ஆள் எடுக்கும்போது நீக்கப்பட்டவருக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றது. ஐ.டி. சேவை நிறுவனத்தின் பொருளாதாரம் இதற்கு நேர் எதிராகக் கட்டப்பட்டது. அடியில் அகன்ற பிரமிடு அது. மணிக்கணக்கில் வாடிக்கையாளருக்கு விற்கப்படும் உழைப்பில் லாபம் தருபவர் குறைந்த சம்பளத்துக்குக் கல்லூரியிலிருந்து வந்த ஃப்ரெஷர். பத்துப் பதினைந்து ஆண்டு இருந்தவர் பிரமிடின் வயிற்றை உப்பவைப்பவர். நிறுவனம் அனுப்ப விரும்புவது மூத்தவரை, எடுக்க விரும்புவது இளையவரை. அதுவும் பெரும்பாலும் அதே ஆண்டில். ஐந்து மாதச் சம்பளத்தைவிட இந்த வரிசைதான் இடைஞ்சல்.

ஆட்குறைப்பின் வரையறையிலிருந்து சட்டம் சிலவற்றை விலக்கி வைத்திருக்கிறது. அவற்றில் முதலாவது, தொழிலாளி தன் விருப்பப்படி ஓய்வு பெறுவது. ராஜினாமாவுக்கோ இந்த மூன்று நிபந்தனைகளில் ஒன்றும் தேவையில்லை. 1990களில் பொதுத்துறையிலும் ஆலைகளிலும் விருப்ப ஓய்வுத் திட்டங்கள் பெருகியது இந்த வாசல் வழியாகத்தான். 2014இல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் ஆயிரக்கணக்கானோர் அப்படியொரு திட்டத்தில் கையெழுத்திட்டு வெளியேறினார்கள். அவ்வாண்டு நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. அங்கே ‘விருப்பத்துக்கு’ ஒரு விலையாவது பேசப்பட்டது. முன் அனுமதிச் சட்டம் இருந்த இடத்தில் விருப்பத்தை விலை கொடுத்து வாங்கவேண்டியிருந்தது. அது இல்லாத ஐ.டி.யில் விருப்பத்தை வேறு வழியில் உண்டாக்கவேண்டும்.

1947 சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் இந்தக் கட்டமைப்பைப் பெரும்பாலும் அப்படியே வைத்திருக்கிறது. ஆட்குறைப்புக்கு உள்ளானவருக்குக் கூடுதலாக 15 நாள் ஊதியம் தரும் மறுதிறன் நிதி ஒன்றைச் சேர்த்திருக்கிறது. அதுவும் ஆட்குறைப்பு என்று எழுதப்பட்டால்தான்.

4. தவறு யாருடையது என்று எழுதும் இயந்திரம்

செலவுக் காரணத்தைத் தனிமனிதக் காரணமாக எழுத ஓர் இயந்திரம் வேண்டும். அப்ரைசல் என்னும் பணி மதிப்பீடு அந்த வேலையைச் செய்கிறது.

ஜெனரல் எலக்ட்ரிக்கின் தலைவராக 1981 முதல் 2001 வரை இருந்த ஜாக் வெல்ச், ஊழியர்களை 20, 70, 10 என்று விழுக்காட்டு அடிப்படையில் பிரித்து, கடைசிப் பத்து விழுக்காட்டை ஆண்டுதோறும் வெளியேற்றும் முறையைப் புகழ்பெறச் செய்தார். இதன் உறவினர்தான் நம் ஊரில் ‘பெல் கர்வ்’ என்று அறியப்பட்டது. மைக்ரோசாஃப்ட் தன் தரவரிசை முறையை 2013இல் கைவிட்டது. பின்னர் இந்திய நிறுவனங்கள் பலவும் கர்வ் போய்விட்டது என்று அறிவித்தன. பெயர் போனதா, முறை போனதா என்பது ஏப்ரல் மாதத்தில் ஒரு லீடைத் தனியாகப் பிடித்துக் கேட்டால் தெரியும்.

இம்முறையின் உட்கூறை ஒரு கணம் கவனிக்கவேண்டும். பத்துப் பேர் கொண்ட நல்ல குழுவிலும் ஒருவர் கடைசியாக இருந்தே ஆகவேண்டும். அவர் வேலையில் குறை இருப்பதால் கடைசியாக வரவில்லை. கடைசி என்ற இடம் இருப்பதால் அதற்கொரு குறை தேடப்படுகிறது. தேடுகிறவர் மேலாளர். அவர் கொடுமைக்காரராக இருக்கத் தேவையில்லை. ஒரு நல்ல மனிதரிடம் இந்த எக்செல் அட்டவணையைக் கொடுத்து நிரப்பச் சொன்னால் போதும், அவர் அடுத்த ஆறு மாதம் தன் குழுவினரின் சிறு பிசகுகளை மின்னஞ்சலில் சேமிக்கத் தொடங்குவார். குழுவினர் ஒருவருக்கொருவர் உதவுவதைக் குறைப்பார்கள், ஏனெனில் பக்கத்து இருக்கையின் உயர்வு தன் இறக்கம். பிரசவ விடுப்பில் சென்று திரும்பியவர் இயல்பாகவே பட்டியலின் அடிக்கு நகர்வார். இவற்றையெல்லாம் சேர்த்து நாம் நச்சுச் சூழல் என்கிறோம். நிர்வாகத்தின் மொழியில் இதற்குப் பெயர் ஆவணப்படுத்தல்.

பெஞ்ச் இரண்டாவது உறுப்பு. டி.சி.எஸ். 2025 ஜூனில் நடைமுறைப்படுத்திய விதியின்படி, ஊழியர் ஆண்டுக்கு 225 நாட்கள் வாடிக்கையாளருக்குக் கட்டணம் வசூலிக்கத்தக்க வேலையில் இருக்கவேண்டும். பெஞ்சில் 35 நாட்களுக்கு மேல் இருக்கக்கூடாது. அடுத்த மாதம் அந்நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரை, அதாவது தன் ஊழியர்களில் இரண்டு விழுக்காட்டை, அந்த நிதியாண்டுக்குள் குறைக்கப்போவதாக அறிவித்தது. பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் நடு, மேல் நிலையினர். செயற்கை நுண்ணறிவு காரணமல்ல, திறன் பொருத்தமின்மையே காரணம் என்றார் தலைமைச் செயல் அதிகாரி கிருத்திவாசன். நிறுவனம் வெளிப்படையாக எண்ணைச் சொன்னது என்ற அளவில் இது பழைய நடைமுறையிலிருந்து ஒரு முன்னேற்றம் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் பெஞ்ச் விதியின் தர்க்கம் யோசிக்க வைக்கிறது. புராஜெக்ட் பிடிப்பது விற்பனைப் பிரிவின் வேலை, ஆளை அதில் பொருத்துவது ஆர்.எம்.ஜி. என்னும் ஆள் ஒதுக்கீட்டுப் பிரிவின் வேலை. இரண்டும் நடக்காதபோது 36ஆவது நாளில் பொறுப்பு யார் தலையில் விழுகிறது? ‘ரிசோர்ஸ்’ என்று அழைக்கப்படும் மனிதர் தலையில். (மனிதரை ரிசோர்ஸ் என்று அழைத்து, அந்த ரிசோர்ஸிடம் பொறுப்பை மட்டும் மனிதனிடம் போல எதிர்பார்க்கும் மொழி வேறெந்தத் தொழிலிலும் இருப்பதாகத் தெரியவில்லை.)

5. மூடிய அறையில்

இயந்திரத்தின் கடைசிப் பகுதி ஒரு சிறிய மீட்டிங் அறையிலோ தொலைபேசியிலோ நடக்கும். அது வெளியே வருவது அரிது. 2017 ஜூலையில் வந்தது. டெக் மஹிந்திராவின் மனிதவள அலுவலர் ஒருவர் ஊழியரிடம் பேசிய ஒலிப்பதிவு பரவியது. செலவுக் குறைப்பின் பகுதியாக உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது; மறுநாள் காலை 10 மணிக்குள் ராஜினாமா செய்தால் வழக்கமான வெளியேற்றமாகக் கருதப்படும், இல்லையேல் பணிநீக்கக் கடிதம் வரும் என்பது பேச்சின் சாரம். ஆனந்த் மஹிந்திரா உட்படத் தலைமையிலிருந்த மூவர் பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டார்கள்.

அந்த மன்னிப்பு நேர்மையானதாகவே இருக்கலாம். எனினும் அது பேசிய முறைக்கான மன்னிப்பாக வாசிக்கப்பட்டது. ஒலிப்பதிவின் ஆவண மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது: ‘செலவுக் குறைப்பு’ என்ற காரணமும் ‘ராஜினாமா’ என்ற வடிவமும் ஒரே மூச்சில், ஒரே வாயால் சொல்லப்பட்டன. சட்டப்படி முதலாவது ஆட்குறைப்பின் காரணம். இரண்டாவது ஆட்குறைப்பை இல்லாமலாக்கும் வடிவம். குரல் உயராமல், அலுவலக மரியாதையோடு நடந்த உரையாடல் அது. நச்சு என்றால் கத்தலும் வசையும்தான் என்று நினைப்பவர்கள் அதைக் கேட்டிருக்கவேண்டும்.

ஊழியர் ஏன் இணங்குகிறார்? ரிலீவிங் லெட்டர் ஒரு காரணம். அந்த ஒற்றைத் தாள் இல்லாமல் அடுத்த நிறுவனத்தின் பின்னணிச் சரிபார்ப்பைத் தாண்ட முடியாது என்பது துறையில் எல்லோரும் நம்புவது, பெரும்பாலும் உண்மை. பணிநீக்கம் என்ற சொல் பதிவில் ஏறினால் நாற்பது வயதுக்கு மேல் யார் எடுப்பார்கள்? ஆகவே அந்த அறையில் முன்வைக்கப்படுவது பேரம்தான்: உன் இழப்பீட்டையும் வழக்குரிமையையும் விடு, உன் பெயரைக் காப்பாற்றித் தருகிறேன். உட்கார்ந்திருப்பவருக்கு முந்தைய ஆறு மாதத்தில் வந்த மின்னஞ்சல்கள், பி.ஐ.பி. என்னும் மேம்பாட்டுத் திட்டத்தின் வாராந்திரக் கூட்டங்கள் எல்லாம் ஏற்கெனவே ஒரு வேலையைச் செய்து முடித்திருக்கும். தவறு தன்னுடையதுதானோ என்று அவரே பாதி நம்பத் தொடங்கியிருப்பார். அந்தப் பாதி நம்பிக்கை இல்லாவிட்டால் பத்து மணிக் கெடு வேலை செய்யாது.

இதன் புள்ளிவிவர விளைவு ஆய்வாளர்களைப் பாதிக்கிறது. ஆட்குறைப்பு என்றால் அரசுக்குத் தகவல் போகவேண்டும், ராஜினாமாவுக்கு வேண்டாம். காலாண்டு அறிக்கைகளில் முதலீட்டாளர்கள் பார்க்கும் ‘அட்ரிஷன்’ விகிதத்தில், கேட்டு வாங்கப்பட்ட ராஜினாமாவைத் தானே கொடுத்த ராஜினாமாவிலிருந்து வெளியிலிருப்பவர் பிரித்தறிய வழியில்லை. எத்தனை பேர் பேப்பர் போடச் சொல்லப்பட்டார்கள் என்ற எண் எந்த அலுவலகத்திலும் இல்லை. 2015இலும் பிறகும் தொழிற்சங்கங்கள் சொன்ன எண்களுக்கும் நிறுவனங்கள் சொன்ன எண்களுக்கும் இருந்த பெரும் இடைவெளியை இப்பின்னணியில் வைத்தே பார்க்கவேண்டும்.

6. பாரிஸ் தீர்ப்பு

சூழல் ஒரு கருவி என்ற வாதத்துக்கு மிகத் தெளிவான சான்று இந்தியாவில் இல்லை, பிரான்சில் இருக்கிறது. அரசு நிறுவனமாக இருந்து தனியார் மயமான ஃபிரான்ஸ் டெலிகாம், 2006இல் மூன்றாண்டுகளில் 22,000 பேரைக் குறைக்கத் திட்டமிட்டது. சிக்கல் என்னவென்றால், ஊழியர்களில் பெரும்பகுதியினர் அரசுப் பணியாளர் தகுதியைத் தக்கவைத்திருந்தவர்கள். அவர்களை நீக்க முடியாது. போனால் தாங்களாகப் போகவேண்டும். வாசல் வழியோ சன்னல் வழியோ எப்படியாவது அவர்களைப் போகவைப்பேன் என்ற பொருளில் தலைவர் திதியே லொம்பார் உயர் அலுவலர்களிடம் அவ்வாண்டே பேசியது பின்னால் நீதிமன்றத்தில் சான்றானது. தொலைதூர இடமாற்றங்கள், அனுபவத்துக்குச் சம்பந்தமில்லாத வேலைகள், குழுவைச் சுருக்கினால் மேலாளருக்கு ஊக்கத்தொகை என்று திட்டம் நடந்தது. நீதிமன்றம் ஆராய்ந்த 39 பேரில் 19 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள்.

2019 டிசம்பர் 20 அன்று பாரிஸ் குற்றவியல் நீதிமன்றம் நிறுவனத்தையும் லொம்பார் உள்ளிட்டோரையும் குற்றவாளிகள் என்றது. நிறுவனத்துக்கு அபராதம் 75,000 யூரோ. அதன் ஒருநாள் வருமானத்தில் தூசு. மேல்முறையீட்டில் 2022இல் லொம்பாரின் சிறைத்தண்டனை முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் 2025 ஜனவரி 21 அன்று நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் குற்றத்தீர்ப்பின் அடிப்படையை உறுதிசெய்தது: குறிப்பிட்ட ஒருவரைக் குறிவைக்காவிட்டாலும், வேலைச் சூழலைச் சீரழித்து ஆட்களை வெளியேற்றுவதே நிறுவனத்தின் கொள்கையாக இருந்தால் அது நிறுவனமயமான உளத் துன்புறுத்தல். லொம்பார் பெரும்பாலான ஊழியர்களை நேரில் பார்த்ததுகூட இல்லை. கொடுமை செய்த மேலாளரைத் தேடும் நம் வழக்கமான பார்வைக்கு இத்தீர்ப்பு ஒரு திருத்தம்.

ஜப்பானிலும் இதன் சாயலைக் காணலாம். நிரந்தர ஊழியரை நீக்குவது கடினமான அந்நாட்டில், வேலை எதுவும் தராமல் உட்காரவைக்கும் ‘வெளியேற்றும் அறை’கள் பெரு நிறுவனங்களில் இருப்பதாக 2013 வாக்கில் இதழ்கள் எழுதின. பெஞ்சுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரம்.

7. மூன்று மறுப்புகள்

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, கடுமையான சட்டம்தான் முதலாளியைக் குறுக்குவழிக்குத் தள்ளுகிறது; சட்டத்தைத் தளர்த்தினால் நேர்வழியில் அனுப்புவார்கள் என்பது பொருளாதாரவாதிகளின் மறுப்பு. பிரான்சும் ஜப்பானும் இதற்குச் சான்றாகத் தோன்றும். ஆனால் ஐ.டி.யைப் பொறுத்தவரை சட்டம் கேட்டது ஒரு மாத அறிவிப்பும் ஆண்டுக்கு 15 நாள் ஊதியமும், காரணம் எழுதி மீறக்கூடிய ஒரு வரிசையும்தான். அதைக் கடுமை என்பது மிகை. தரவரிசையும் பி.ஐ.பி.யும் செழித்து வளர்ந்தது, நீக்குவது எளிதான அமெரிக்காவில் என்பதையும் மறக்கக்கூடாது. சட்டத்தின் இறுக்கம் கருவியின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. கருவியின் தேவை வேறிடத்தில் பிறக்கிறது.

ராஜினாமா ஊழியருக்கும் நல்லதுதானே என்பது இரண்டாவது. இதில் உண்மை இருக்கிறது. பலர் மனமுவந்தே அதைத் தேர்கிறார்கள். இரண்டு மூன்று மாதச் சம்பளம் சேர்த்துக் கிடைத்தால் நன்றியோடு போகிறவர்களும் உண்டு. அவர்களை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. எனினும் அந்தத் தேர்வைக் கவர்ச்சியாக்குவது பணிநீக்கத்தின் மேல் பூசப்பட்ட களங்கம். அதைப் பூசியதும் இதே துறைதான்.

மூன்றாவது, உண்மையிலேயே வேலை தெரியாதவர்கள் இல்லையா? இருக்கிறார்கள், எல்லா அலுவலகத்திலும் போல. அவர்களுக்குச் சட்டத்தில் வேறு வழி இருக்கிறது. பத்தாண்டாகப் பதவி உயர்வு தந்து ஆன்சைட் அனுப்பிய ஒருவர் ஒரு குறிப்பிட்ட காலாண்டில் வேலை தெரியாதவர் ஆகும்போது, காலாண்டைப் பற்றியும் கேட்கத்தான் வேண்டும்.

8. மரியென்தாலும் ஓ.எம்.ஆரும்

வேலையிழப்பு ஒரு மனிதரை என்ன செய்யும் என்பதற்கு இன்றும் முதல் ஆவணம், ஆஸ்திரியாவின் மரியென்தால் கிராமம் பற்றி மரீ யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்ஸைசல் ஆகியோர் 1933இல் வெளியிட்ட ஆய்வு. ஊரின் ஒரே ஜவுளி ஆலை மூடப்பட்டபின் ஆண்களின் நடைவேகத்தைக்கூட அளந்தார்கள். அவசரம் இல்லாத கால்கள் தெருவில் அடிக்கடி நின்றன. வீட்டுவேலை ஓயாத பெண்களே வேகமாக நடந்தார்கள். சல்லிவனும் வொன் வாக்டரும் 2009இல் பென்சில்வேனியா தரவுகளை வைத்துச் செய்த ஆய்வு இன்னும் கடுமையானது: நீண்டகாலம் ஒரே நிறுவனத்தில் இருந்து வேலையிழந்த ஆண்களிடையே, அடுத்த ஆண்டில் இறப்பு விகிதம் எதிர்பார்த்ததைவிட 50 முதல் 100 விழுக்காடு கூடியிருந்தது.

நம் நிலைமை ஒரு விதத்தில் மரியென்தாலுக்கு எதிர்மாறு. அங்கே ஊரே ஒன்றாக வேலையிழந்தது. யாரும் யாரிடமும் மறைக்கவேண்டியதில்லை. ஓ.எம்.ஆர். சோழிங்கநல்லூர் அடுக்ககத்தில் ஒருவர் மட்டும் தனியாக இழக்கிறார், அதுவும் ராஜினாமா என்ற பெயரில். காலையில் லேப்டாப் இல்லாமலே லேப்டாப் பையோடு கிளம்புகிறவர்களின் கதைகள் இத்துறையில் புழங்குபவை. வேறு சிலர் மாமனாரிடம் ‘வொர்க் ஃப்ரம் ஹோம்’ என்று சொல்லியிருப்பார்கள். அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேறு வேலை தேட 60 நாள் கெடு, மறைக்கவும் நேரமில்லை. ராஜினாமா என்ற வடிவம் இழப்பீட்டோடு சேர்த்து இன்னொன்றையும் பறிக்கிறது: இது எனக்கு நடத்தப்பட்டது என்று சொல்லும் உரிமையை. நீயேதானே விட்டாய் என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

9. தாளில் இருப்பது

இந்த நிலை மாறாதது அல்ல. 2015 ஜனவரியில், கருவுற்றிருந்த டி.சி.எஸ். ஊழியர் ஒருவரின் பணிநீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நிறுவனம் பின்னர் அந்த ஆணையைத் திரும்பப் பெற்றது. ஐ.டி. நிறுவனங்களுக்குத் தொழிலாளர் சட்டங்கள் பொருந்தா என்ற வாய்வழி நம்பிக்கைக்கு எதிராக, புதிய ஜனநாயகத் தொழிலாளர் முன்னணி எடுத்த முயற்சியின் விளைவாக 2016இல் தமிழக அரசு விளக்கம் தந்தது: தொழில் தகராறுகள் சட்டத்திலிருந்து அவற்றுக்கு விலக்கு எதுவும் இல்லை, ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம். 2015இல் நீக்கப்பட்ட இன்னொரு டி.சி.எஸ். ஊழியரை மீண்டும் பணியில் சேர்க்கும்படி சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் 2022இல் ஆணையிட்டது. அவர் மேலாளர், ஆகவே தொழிலாளி அல்லர் என்ற வாதம் ஏற்கப்படவில்லை. பதவிப் பெயரை அல்ல, பார்த்த வேலையின் தன்மையைத்தான் நீதிமன்றம் பார்த்தது. ஐந்தாண்டு அனுபவத்திலேயே எல்லோரையும் ஏதாவதொரு மேனேஜராக்கும் துறையில் இது சிறிய செய்தி அல்ல. ஏழாண்டு என்பதும் சிறிய காலம் அல்ல.

இந்த வழக்குகளுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. வழக்கு தொடுத்தவர்கள் பணிநீக்கக் கடிதம் பெற்றவர்கள். அவர்கள் கையில் நிறுவனத்தின் தாள் இருந்தது. பிரிட்டனின் 1996ஆம் ஆண்டுச் சட்டம், முதலாளியின் நடத்தையால் வேறு வழியின்றிச் செய்யும் ராஜினாமாவையும் பணிநீக்கமாகவே கணக்கிடுகிறது. நம் சட்டத்தில் அப்படி வெளிப்படையான வரி இல்லை. ராஜினாமா மிரட்டிப் பெறப்பட்டது என்று ஊழியர்தான் நிறுவவேண்டும். மூடிய அறையில் நடந்ததற்கு எதைச் சான்றாகக் காட்டுவது?

இதனால்தான் ஐ.டி. ஊழியர் சங்கங்கள் முதலில் சொல்லும் அறிவுரை வழக்கைப் பற்றியதாக இருப்பதில்லை. கையெழுத்துப் போடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள் என்பார்கள். அறையிலிருந்து வெளியே வந்த அன்றைக்கே, சிஸ்டம் ஆக்சஸ் போவதற்குள், மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல்: இத்தனை மணிக்கு, இன்னார் முன்னிலையில், இந்தக் காரணம் சொல்லி என்னை ராஜினாமா செய்யக் கேட்டீர்கள், நான் செய்யவில்லை, என் புரிதல் தவறென்றால் தெரிவிக்கவும். நாலு வரி. தன் சொந்த மெயில் முகவரிக்கும் ஒரு நகல்.